பிரதம அதிதியின் தோளுக்குப் பின்னால்

முதல் வீடியோவைப் போட்ட அன்று பின்னேரமே என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, இருக்கிறதில் நல்ல அபாயாவை உடுத்திக்கொண்டு போனேன். எங்கள் ஓவிய நூதனசாலை கல்முனை நகரத்தில் ஒரு புடவைக்கடைக்கு மேலே, மேல்மாடியில் இருக்கிறது. மூச்சு வாங்க ஏறிப்போனால், நிர்வாக சபை வட்டமாகக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. யார் முகத்திலும் சிரிப்பில்லை.

“டீச்சர், வீடியோ நல்லாத்தான் இரிக்கி,” என்றார் தலைவர். “ஆனா அதுல ஒரு சலாம் கூட இல்லயே.”

நான் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறவள். நூதனசாலைக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி. படம் பார்க்க யாரும் படியேறி வருவதில்லை, நாங்களாவது படங்களைச் சனத்தின் போனுக்குக் கொண்டுபோவோம், கிழமைக்கு ஒரு படம், ஒரு நிமிட வீடியோ என்று யோசனை சொன்னதும் நான்தான். அந்த முதல் வீடியோவில் ஒரு வயல்காட்டு ஓவியம். வரம்பில் தொடங்கி, தண்ணீரில் விழுந்திருக்கும் வானம் வரைக்கும் கமெராவை மெல்ல நகர்த்தியிருந்தேன். ஒரு சொல் பேசவில்லை. பார்க்கிறவர்கள் ஆறுதலாகப் பார்க்கட்டும் என்று விட்டிருந்தேன்.

“சேர், அது ஒரு நிமிச வீடியோ,” என்றேன்.

“ஒரு ஆள் நம்மட வாசலுக்கு வந்தா என்ன செய்வம்? சலாம் சொல்லி, வாங்க எண்டு கூப்பிட்டு, இருக்க வெச்சிட்டுத்தானே மத்தக் கத. வந்த ஆளுக்கு மூஞ்சிக்கு நேர படத்தத் தூக்கிக் காட்டினா அது மரியாதையா?”

சபை முழுவதும் தலையாட்டியது. சலாம் சொல்ல எவ்வளவு நேரம் போய்விடப் போகிறது என்று நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் பிழை தொடங்கியது. சலாம் என்றால் அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அது தலைவர். தலைவர் பேசினால் செயலாளர் ஓவியத்தை அறிமுகம் செய்யாமல் எப்படி? செயலாளர் வந்தால், கட்டடத்தை விட்டுத்தந்த போசகர் பின்னால் நிற்பதா? கடைசியில் ஒருவர் நன்றி சொல்லாவிட்டால் அது என்ன நிகழ்ச்சி?

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கூட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கிராஅத் என்று குர்ஆன் ஓதி, வரவேற்று, தலைமை தாங்கி, பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி என்று மேடையில் மூன்று வரிசைக் கதிரை போடாமல் எங்களுக்கு ஒரு அலுவலும் நடக்காது. எங்கள் பாடசாலையில் ஒரு குடிதண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்த அன்று, நன்றியுரை முடியும்வரை பிள்ளைகள் வெயிலில் தாகத்தோடு வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரும் குழாய்க்குள்ளே காத்துக்கொண்டு நின்றிருக்கும்.

ஆக, எங்கள் ஒரு நிமிட வீடியோக்கள் இப்படி அமைந்தன. தலைவர் சலாம் சொல்வார். போசகர் இரண்டு வார்த்தை வாழ்த்துவார். செயலாளர் ஓவியரின் தகப்பனார் யார், எந்தக் குடும்பம் என்று சொல்வார். நன்றி. இதற்கு நடுவில் எங்கேயோ ஒரு படம் வந்துபோகும். கண்ணில் தூசு விழுந்து கசக்கினால் அந்தக் கிழமைப் படம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் செய்தேன். சும்மா சொல்லக்கூடாது, தலைவர் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. சுவரில் தொங்கும் படங்களை எல்லாம் மரச்சட்டத்தோடு தன் தோளில் சுமந்து மேல்மாடிக்கு ஏற்றியவர். அவரைப் பார்த்தால் கோபம் வருகிற அதே நேரம், கோபப்படவும் முடியாது. அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல்.

இதில் எனக்கேன் இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். என் ராத்தா வரைந்த படமும் அந்தச் சுவரில் இருக்கிறது. மூத்த சகோதரியை எங்களில் ராத்தா என்போம். அவருடைய வீடும் என் வீடும் ஒரே வளவில், குசினி யன்னலைத் திறந்தால் கதைக்கிற தூரத்தில். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கொரு வீடு கட்டும் கவலையும் சேர்ந்தே பிறக்கும். கலியாணத்துக்கு முன் வீடு எழும்ப வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் சகோதரிகள் நாங்கள் கிழவியாகும்வரை பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்.

ராத்தாவின் படம் ஒரு கட்டிலின் நீளம் இருக்கும். மருதமுனைக் கரையில் நாங்கள் பிறந்து வளர்ந்த வரிசை அது. கடலைப் பார்த்து நின்ற வீடுகள் எல்லாம் இடமிருந்து வலமாக வரிசையாக இருக்கும். சுனாமிக்குப் பிறகு அந்த வரிசையில் அத்திவாரங்கள்தான் மிச்சம். அன்று நாங்கள் குடும்பத்தோடு சவளக்கடையில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்ததால் தப்பினோம். நாங்கள் கரையை விட்டு இந்த வளவுக்கு வந்தோம், தப்பிய மற்றவர்களில் பாதிப்பேர் வீட்டுத் திட்டங்களுக்கும், மிச்சப்பேர் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சிதறிப்போனார்கள்.

சில வருடம் கழித்து ராத்தா அந்த வரிசையை வரையத் தொடங்கினார். ஞாபகத்தை மட்டும் நம்பவில்லை. வீட்டுத் திட்டத்துக்கு ஓட்டோ பிடித்துப் போய், ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார். உங்கட கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம்? முருங்கை வேலிக்கு உள்ளேயா வெளியேயா? சனம் அழுது அழுது சொன்னது. சிலர் அவருடைய கையிலிருந்த பென்சிலைப் பறித்துத் தாங்களே திருத்தினார்கள். படத்தில் ஒரு ஓடு கூட யாராவது ஒருவருடைய சாட்சி இல்லாமல் ஏறவில்லை.

ஒரே ஒரு வீட்டில் வந்து மாட்டிக்கொண்டார். வலது முனையிலிருந்து இரண்டாவது வீடு. அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. அக்கரைப்பற்றில் உம்மாவின் தங்கையான சாச்சி வீட்டுக்குப் போயிருந்த ஒரு மகள் மட்டும்தான் மிச்சம். சாச்சி குடும்பம் அவளைக் கூட்டிக்கொண்டு கொழும்புப் பக்கம் போனது. பிறகு கலியாணம் முடித்து வெளிநாடு போய்விட்டாள் என்றார்கள். குவைத் என்றார்கள், கனடா என்றார்கள். ஒருவரிடமும் நம்பர் இல்லை. அந்த வீட்டின் கூரையும் சுவரும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. கதவில்தான் சண்டை வந்தது. பச்சை என்றவர்கள் சத்தியம் செய்தார்கள். நீலம் என்றவர்களும் சத்தியம் செய்தார்கள். அடுத்தடுத்த வீட்டில் இருந்த இரண்டு பெண்கள் இதனால் கொஞ்சக்காலம் முகம் பார்க்காமல் இருந்ததும் உண்டு.

“ஏதாவது ஒண்டப் பூசுங்க ராத்தா. யாரு வந்து பாக்கப் போறா?” என்று நான் ஒருமுறை சொன்னேன்.

“போய்ச் சேந்தவங்கட ஊட்டில நான் பொய்யப் பூசுறதா புள்ள?” என்றார்.

அந்த வாசலை அப்படியே விட்டார். சுற்றிலும் எல்லாம் தீட்டி முடித்த படத்தில், கதவு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வண்ணம் ஏறாத வெறும் கன்வஸ் சீலை தெரியும். படத்தை நூதனசாலைக்குக் கொடுத்தபோது, நிர்வாக சபை கூடிப் பேசி, பெயர்த்துண்டில் படத்தின் பெயருக்குக் கீழே ‘முற்றுப்பெறாதது’ என்று ஒரு சொல்லையும் ஒட்டிவிட்டது. ராத்தா திறப்பு விழாவில்தான் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வேறு படம் வரையவும் இல்லை. எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். “அத முடிக்காம இத எப்பிடித் தொடங்குற?” என்பார். தூரிகைகள் குசினி அலுமாரிக்கு மேலே, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் காய்ந்துகொண்டிருந்தன.

வீடியோ யோசனை எனக்கு வந்ததே இதனால்தான். சபையிடம் இதைச் சொல்லவில்லை. என் சொந்த இணையப் பக்கத்தில் படத்தைப் போட்டுப் பார்த்தாயிற்று. பச்சை, நீலம் என்று ஏற்கெனவே சத்தியம் செய்த அதே மாமிமார்கள்தான் அங்கேயும் வந்து சத்தியம் செய்தார்கள். நூதனசாலையின் பக்கம் அப்படியில்லை. போசகரின் தயவால் கட்டாரிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கங்கள் எல்லாம் அதைப் பகிர்ந்தன. கரையோரத்தில் பிறந்து எங்கேயோ போய் வாழும் சனம் அங்கேதான் கூடியது. அவளும் எங்கேயோ ஒரு மூலையில் போனை வைத்துக்கொண்டு இருப்பாள்தானே.

இதை ராத்தாவிடம் சொன்னது என் பிழையோ என்னவோ. கேட்ட நாளிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு கிழமையும் யன்னலால் கேட்பார்.

“என்ட படம் எப்ப புள்ள வரும்?”

வரிசையில் மூத்த ஓவியர்கள் முன்னே நின்றார்கள். அவர்களுக்குப் பிறகு சபை உறுப்பினர்களின் உறவினர்கள். ராத்தாவின் முறை வர நாளெடுத்தது. வந்தபோது நான் தலைவரைத் தனியாகப் பிடித்துக் கெஞ்சினேன். படம் நீளமானது, இடது முனையிலிருந்து வலது முனைவரை மெல்ல நகர்த்தினால்தான் ஒவ்வொரு வீடும் தெரியும், முழு நிமிடமும் வேண்டும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, “சரி டீச்சர், இந்தக் கிழம நான் சலாம் மட்டும்தான். மத்த ஒருத்தரும் இல்ல,” என்றார். எனக்கு அவருடைய கையைப் பிடித்து முத்தமிடலாம் போல இருந்தது.

அன்று கமெராவை முக்காலியில் பொருத்திக்கொண்டு நிற்கிறேன், படியில் செருப்புச் சத்தம். போசகர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். நூதனசாலையைப் பார்க்க வேண்டும் என்றாராம். தலைவரின் முகம் மாறியதைப் பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது.

“வந்தவர எப்பிடி டீச்சர் சும்மா அனுப்பேலும்?” என்று என் காதுக்குள் சொன்னார்.

அவ்வளவுதான். அந்த இடத்திலேயே வந்தவர் பிரதம அதிதி ஆனார். கீழே புடவைக்கடை இருக்கும்போது பொன்னாடைக்கு என்ன குறை? ஒரு நொடியில் மேலே வந்தது. தலைவர் போர்த்தினார், போசகர் கைதட்டினார். அதிதி படத்தின் வலது பக்கம் போய் நின்று, கலைகள் ஒரு சமூகத்தின் கண்ணாடி என்று தொடங்கினார். நல்ல அகலமான மனிதர். அவருடைய தோளுக்குப் பின்னால் வலது முனை வீடுகள் மறைந்துபோயின.

“கொஞ்சம் அங்கால நிப்பீங்களா சேர்,” என்றேன்.

அவர் மரியாதையாகச் சிரித்து, படத்தோடு இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றார்.

பரவாயில்லை, பிறகு வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று பொறுத்தேன். அதுவும் நடக்கவில்லை. அன்றே போட்டாக வேண்டும் என்று, வெட்டும்போது தலைவர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். “அதிதிட பேச்ச மட்டும் வெட்டிராதீங்க. லண்டனுக்குப் போய்ப் பாப்பாரு.” அவருடைய பேச்சுப் போக, பொன்னாடை போக, நன்றி போக, மிஞ்சிய நொடிகளுக்குள் படத்தைத் திணித்தேன். இடது முனையில் எங்கள் வீடு வந்தது. பக்கத்து வீடு, கிணறு, முருங்கை எல்லாம் வந்தன. கதவில்லாத அந்த வீட்டுக்கு முந்திய வீடு வரை வந்து, கமெரா அதிதியின் தோளில் முட்டி நின்றது. பிறகு நன்றி.

ராத்தா அதைத் தன் போனில் பார்த்தார். கண்ணுக்கு மிகக் கிட்ட வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“அந்த ஊடு வரல்லயே புள்ள.”

சோறு வடிக்கப் போய்விட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீடியோவுக்குக் கீழே சனம் குவிந்தது. மாஷா அல்லாஹ். தலைவருக்கு வாழ்த்துகள். பிரதம அதிதியின் பாடசாலைக் கூட்டாளிகள் வந்து அவருடைய பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கேலி பண்ணினார்கள். படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாலைந்து நாள் கழித்து, பாடசாலை இடைவேளையில் பிளேன்டீயோடு உட்கார்ந்து சும்மா தட்டிக்கொண்டிருந்தபோது, எல்லாவற்றுக்கும் அடியில் புதிதாக ஒன்று கிடந்தது. ஒரு ரோசாப்பூப் படம். பெயரில்லை, இன்னாருடைய உம்மா என்று பிள்ளையின் பெயரை வைத்திருந்தார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதியிருந்தார்.

‘எங்கட ஊடு இப்ப வரும், இப்ப வரும் எண்டு பாத்துட்டு இரிந்தன். முடிஞ்சிட்டு.’

கோப்பையைக் கீழே வைத்தேன். தங்கச்சி, நீங்க எந்த ஊடு, எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க என்று உடனே பதில் எழுதினேன். தனியாகவும் எழுதினேன். பதில் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. எட்டிப் பார்த்தவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். நாங்கள் அவளை மதித்த மரியாதைக்கு அவள் ஏன் திரும்பி வர வேண்டும்?

அந்தக் கொமெண்டை எடுத்துக்கொண்டு சபைக்கு ஓடினேன். படத்தை மட்டும் வைத்து இன்னொரு வீடியோ போட விடுங்கள் என்றேன். கதவின் கதையையும் அன்றுதான் முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்தார்கள். கவலைப்பட்டார்கள். ஒருவர் இன்னாலில்லாஹி கூட ஓதினார். பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு படத்துக்கு ரெண்டு தரம் வீடியோ போட்டா மத்தக் கலைஞர்கள் என்ன நெனைப்பாங்க டீச்சர்? அவவுக்கு நிர்வாக சபை சார்பா நன்றி தெரிவிச்சு ஒரு பதிலப் போட்டு உடுங்க.”

எனக்குக் கோபம் வந்தால் உதடுதான் துடிக்கும், வார்த்தை வராது. அன்று வந்தது.

“வாசலுக்கு வந்த ஆளுக்கு மரியாத செய்யணும் எண்டு நீங்கதானே சேர் சொன்னீங்க. ஒரு புள்ள அவட சொந்த ஊட்டு வாசலத் தேடி வந்திரிக்கா. நாங்க குறுக்கால நிண்டு பொன்னாட போத்திட்டு இரிக்கம்.”

அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்போம் என்று செயலாளர் மெதுவாகச் சொன்னார். அடுத்த கூட்டம் மாதக் கடைசியில்.

நான் மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பகல் ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னால், கல்முனையில் ஆண்கள் நடமாடும் இடமெல்லாம் வெறிச்சோடிவிடும். கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கும். ஓட்டோக்கள் ஆளில்லாமல் வரிசையில் நிற்கும். நூதனசாலைச் சாவி ஒன்று எப்போதும் என் கைப்பையில்தான் கிடக்கும். அந்த நேரம் பார்த்து ஏறினேன். யன்னலைத் திறந்து வெளிச்சத்தை விட்டேன். தோளைச் சுவரில் சாய்த்து, கை ஆடாமல் பிடித்துக்கொண்டு, இடது முனையில் எங்கள் வீட்டிலிருந்து தொடங்கினேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொஞ்சம் நின்றேன். அந்த வீடு வந்ததும் கமெராவை அசைக்காமல் வைத்தேன். வெறும் சீலை பழுப்பேறி இருந்தது. அதோடு முடித்தேன். இந்த வாசலுக்குக் கதவு என்ன நிறம் என்று ஒரே ஒரு வரியை எழுதி, படியில் உட்கார்ந்தபடியே நூதனசாலையின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டேன். சலாம் இல்லை, வரவேற்பு இல்லை, நன்றியும் இல்லை. பயமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது.

அசர் தொழுகைக்கு முன்னே தலைவரிடமிருந்து போன் வந்தது.

“டீச்சர், ஜும்ஆ நேரத்தில வீடியோ போட்டிரிக்கீங்க. அதுல குத்பாச் சத்தமும் கேக்கிது. சனம் பள்ளியில இரிக்க, நூதனசாலை படம் காட்டுதாம் எண்டு இப்பவே எனக்கு மூணு பேரு போன் அடிச்சிட்டாங்க.”

போட்டுப் பார்த்தேன். உண்மைதான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌலவியின் பிரசங்கக் குரல் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது பழகிப்போன சத்தம், எடுக்கும்போது காதில் ஏறவே இல்லை. மற்றதற்கெல்லாம் அவரோடு சண்டை பிடிக்கலாம், இதற்கு என்னிடம் வாய் இல்லை. என் கையாலேயே வீடியோவை அழித்தேன். அழித்துவிட்டு, பிள்ளைகள் பார்க்காமல் கிணற்றடியில் போய் நின்று அழுதேன். சத்தத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாமா என்று கேட்டதற்கு, கூட்டத்தில் பேசுவோம் என்று பதில் வந்தது. என்னை அந்த இணையப் பக்கத்தை விட்டு விலக்க வேண்டும் என்றும் ஒரு கதை நடந்ததாம். வீடியோ வெட்டத் தெரிந்த வேறு ஆள் சபையில் இல்லாததால் விட்டுவிட்டார்கள்.

“அவ பாத்திரிப்பாளா?” என்று ராத்தா யன்னலால் கேட்டார்.

“தெரியா ராத்தா.”

மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாள் நான் யன்னலைச் சாத்தி வைத்தேன்.

ஒரு காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு வெளிக்கிடுத்திக்கொண்டு இருக்கும்போது நூதனசாலையின் இணையப் பக்கத்துக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அதே ரோசாப்பூ. தொட்டேன். ஒரு பெண்ணின் குரல், அஸ்ஸலாமு அலைக்கும் என்றது. அங்கேயே நிறுத்தினேன். மீதியை நான் மட்டும் கேட்பது சரியில்லை. ஒரு காலில் செருப்போடு ராத்தா வீட்டுக்கு ஓடினேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். போனை மேசையில் வைத்து, தொடக்கத்திலிருந்து போட்டேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும். இதக் கேக்கிறது ஆரு எண்டு தெரியா ராத்தா. வேல, பதில் போட நேரம் கெடைக்கல்ல. அந்த வீடியோவ ரெண்டாந்தரம் பாக்கப் போனன், இல்ல. ஆனா ஒருக்காப் பாத்திட்டன். அது எங்கட ஊடுதான். அது எனக்குக் கட்டின ஊடு. அதுக்குக் கதவு இல்ல ராத்தா. வாசல் நெல மட்டும்தான் வெச்சிரிந்த. பலக அறுத்து உள்ளுக்கு சாத்தி வெச்சிரிந்த. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்திப் போட்டுருவம் எண்டு வாப்பா சொன்னாரு. அதுவரைக்கும் உம்மா சாரியக் கட்டி உட்டிரிந்தா, ஒருக்காப் பச்ச, ஒருக்கா நீலம், தோய்க்கத் தோய்க்க மாத்தி மாத்தி. அந்த வாசல ஆரோ வெறுமயா உட்டிரிக்கிறதப் பாத்தன். எப்பிடித் தெரியும் உங்களுக்கு? ஒண்டும் பூசிராதீங்க. அப்பிடியே இரிக்கட்டும்.”

ராத்தா கதிரையில் உட்கார்ந்தார். இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு இன்னொரு தரம். தேங்காய்ப் பாதி தரையில் உருண்டு கிடந்ததை இருவரும் எடுக்கவில்லை.

“பக்கத்துல பக்கத்துல இரிந்தம்,” என்றார். “அந்த ஊட்டுக்கு இன்னும் கதவு போடல்ல எண்டு எங்க ஒருத்தருக்கும் தெரியாம போய்த்தே.”

போனை என் பக்கம் தள்ளிவிட்டு, “முடிஞ்சிதானே இரிக்கி அது,” என்றார். “அந்தச் சொல்ல எடுக்கச் சொல்லு புள்ள.”

தலைவரிடம் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே கலங்கிப்போனார். இதற்கு ஒரு விழா எடுக்க வேண்டும், அந்தப் பிள்ளையை ஒன்லைனில் அழைத்து அதிதியாக இருத்த வேண்டும், உங்கள் ராத்தாவுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார். ராத்தா கேட்பது அந்த ஒரு சொல்லை எடுப்பது மட்டும்தான் என்றேன்.

“எடுக்கலாம் டீச்சர். ஆனா அது கூட்டத்தில தீர்மானம் போட்டு ஒட்டின சொல். தீர்மானம் போட்டுத்தான் எடுக்கணும்.”

மாதக் கடைசிக் கூட்டத்துக்குப் போதிய ஆட்கள் வரவில்லை. அதற்கடுத்த கூட்டம் நோன்பு வந்ததால் தள்ளிப்போனது. பெருநாள் முடிந்து கூடியபோது, விழாவுக்கு யாரைப் பிரதம அதிதியாகக் கூப்பிடுவது என்ற பேச்சிலேயே நேரம் போய்விட்டது. பெயர்த்துண்டு நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருந்தது. மஃரிப் தொழுகைக்கு எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கடைக் கதவுகள் இறங்கிய பிறகு, போனை வீட்டில் வைத்துவிட்டு மேலே ஏறினேன். அந்தச் சொல்லை நகத்தால் சுரண்டினேன். பழைய பசை, லேசில் வரவில்லை. முதல் எழுத்து கழன்றதும் மற்றவை துண்டு துண்டாக வந்தன. குத்பா முடிந்து தொழுகைக்கு இகாமத் சொல்லும்போது துண்டில் படத்தின் பெயரும் ராத்தாவின் பெயரும் மட்டும் மிஞ்சின. கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன்.

வளவுக்குள் நுழைந்தபோது ராத்தா வெளியே ஒரு மரச்சட்டத்தைக் கிடத்தி, புதுச் சீலை ஒன்றை இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் டின் பக்கத்தில் திறந்து கிடந்தது. என் விரலையும் நகத்துக்குள் இருந்த பசையையும் பார்த்தார்.

“இந்தப் பக்கத்த இழுத்துப் புடி புள்ள,” என்றார்.

நான் உட்கார்ந்து பிடித்தேன்.